பள்ளிப் பாடகர் குழு நிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு போவது எப்படி? ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆண்டு விழா என்றால் என்ன செய்யவேண்டும் என்று நமக்குத் தெரியும். பிள்ளை ஆடும். நாம் முன்வரிசைக்கு ஓடுவோம், பேர் சொல்லிக் கத்துவோம், போட்டோ எடுப்போம், பரிசு கைக்கு வந்ததும் கிளம்பிவிடுவோம். பாடகர் குழு நிகழ்ச்சிக்கு இந்தப் பழக்கமெல்லாம் ஒத்துவராது. முப்பது நாற்பது பிள்ளைகள் மூன்று வரிசையாக நிற்பார்கள். எல்லோருக்கும் ஒரே உடை. ஒருவரும் அசையமாட்டார்கள். நம் பிள்ளை இரண்டாம் வரிசையில், இன்னொரு பிள்ளையின் தோளுக்குப் பின்னால் பாதி முகமாகத் தெரியும். அதன் முன்னால் மைக்கும் இருக்காது. "ஏத்தா, இதுக்கா தங்கச்சிமடத்துல இருந்து வண்டி பிடிச்சு வந்தோம்?" என்று அப்பத்தா கேட்பார்.

அவர் கேட்பதில் தப்பில்லை. யாரும் அவரிடம் விவரம் சொல்லவில்லை, அவ்வளவுதான். சேர்ந்து பாடும் பாட்டில் உங்கள் பிள்ளையின் குரல் தனியாகக் காதில் விழுந்தால் அங்கே ஏதோ பிசகு. விழாமல் இருப்பதற்குத்தான் அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் பழகியிருக்கிறது. இதை வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதி எல்லாம் பஸ், நாற்காலி, குடை சம்பந்தப்பட்டது.

படி 1: தேதியைக் கடலோடு ஒத்துப் பாருங்கள்

பள்ளியிலிருந்து வரும் தாளில் இரண்டு நேரம் இருக்கும். ஒன்று பிள்ளை வந்து சேரவேண்டிய நேரம், மற்றது நிகழ்ச்சி தொடங்கும் நேரம். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ இடைவெளி இருக்கும். குரலைப் பழக்கிச் சூடேற்றவும், வரிசையில் நிறுத்திப் பார்க்கவும், மைக் சரிபார்க்கவும் அந்த நேரம் வேண்டும். எல்லோரும் ஒன்றாகவே போய்க்கொள்ளலாம் என்று பிள்ளையைத் தாமதிக்கவிடாதீர்கள். ஒரு ஆள் குறைந்தால் வரிசை முழுவதையும் கலைத்து மறுபடி நிறுத்தவேண்டியிருக்கும்.

நம் ஊர்ப் பக்கம் இத்தகைய நிகழ்ச்சி பெரும்பாலும் மூன்று சந்தர்ப்பங்களில் வரும்: டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேரல், அதற்குப் பிறகு ஆண்டு விழா, அரசுப் பள்ளி என்றால் கலைத் திருவிழாவின் குழுப்பாட்டுப் போட்டி. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழா 2022-23 கல்வியாண்டில் தொடங்கியது. பள்ளியில் ஆரம்பித்து வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறிப்போகும். அங்கே பாட்டு சில நிமிடம்தான், காத்திருப்பு பாதி நாள். கேரலும் ஆண்டு விழாவும் மாலை நேரத்து விஷயம். இந்த வழிகாட்டி முக்கியமாக அவற்றுக்குத்தான்.

அப்பா கடலுக்குப் போகிறவர் என்றால் தாள் வந்த அன்றைக்கே தேதியைச் சொல்லிவிடுங்கள். ராமேசுவரம், மண்டபம் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் போகும் விசைப்படகு மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். நிகழ்ச்சி தொழில் நாளில் விழுந்தால் படகு ஓனரிடம் முன்பே பேசி, அந்த ஒரு நாள் தொழிலுக்கு மாற்றாள் ஏற்பாடு செய்துகொள்ளலாம். முதல்நாள் ராத்திரி சொன்னால் நடக்காது. இதில் ஒரு கொடுமை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அப்பா வீட்டில்தான் இருப்பார். ஆனால் அந்த நாட்களில் பெரும்பகுதி பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் பல வீடுகளில் வாப்பா வெளிநாட்டில் இருப்பார். இங்கே மாலை 6 மணி என்றால் சவூதியில் பிற்பகல் 3.30, துபாயில் 4.30, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இரவு 8.30. வளைகுடாவில் அது வேலை நேரம். நேரலையில் காட்டலாம் என்று திட்டமிட்டு ஏமாறுவதைவிட, பதிவு செய்து அனுப்பிவிட்டு ராத்திரி எல்லோருமாக உட்கார்ந்து பேசுவது நல்லது.

டிசம்பர் என்றால் மழையையும் கணக்கில் எடுங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருக்கிறது, ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்திருக்கிறார் என்றால் நிகழ்ச்சியும் பெரும்பாலும் தள்ளிப்போகும். கிளம்பும் முன் வகுப்பு ஆசிரியரின் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துவிடுங்கள்.

படி 2: "நீ எந்தக் குரல்?" என்று கேளுங்கள்

எல்லாப் படியிலும் இதுதான் முக்கியம். செலவில்லாததும் இதுதான்.

பாடகர் குழுவில் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவதில்லை. பெண் குரலிலும் சிறுபிள்ளைக் குரலிலும் மேலே இருப்பது சோப்ரானோ, அதற்குக் கீழே ஆல்டோ. ஆண் குரலில் மேலே டெனர், கீழே பேஸ். நாம் முணுமுணுக்கும் மெட்டு பெரும்பாலும் சோப்ரானோவிடம் இருக்கும். மற்ற மூன்று குரலும் அதே சொற்களை வேறு வேறு ஸ்வரங்களில் பாடி அந்த மெட்டைத் தாங்கும். உயர்நிலைப் பள்ளியில் உண்மையான பேஸ் குரல் அபூர்வம். பத்தாம் வகுப்புப் பையனுக்கு அந்த அடிக்குரல் இன்னும் வந்திருக்காது. அதனால் பல பள்ளிகளில் பெண் குரல் இரண்டு, ஆண் குரல் ஒன்று என மூன்று பிரிவோடு நிறுத்திக்கொள்வார்கள்.

உங்கள் பிள்ளை ஆல்டோ என்றால் வீட்டில் அது பழகும் பாட்டு உங்களுக்கு விநோதமாகக் கேட்கும். ஒரே ஸ்வரத்தில் நாலைந்து சொல் நிற்கும், எதிர்பார்க்காத இடத்தில் இறங்கும், ஏறவேண்டிய இடத்தில் ஏறாது. "என்னத்தா, ராகமே வரலையே" என்று சொல்லிவிடாதீர்கள். அது பாட்டின் ஒரு இழை மட்டுமே. ஆல்டோ பாடும் பிள்ளைதான் குழுவில் கஷ்டமான வேலையைச் செய்கிறது என்பது என் கட்சி. பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த மெட்டு போய்க்கொண்டிருக்க, அதில் வழுக்கி விழாமல் தன் வழியில் நிற்கவேண்டும்.

பையன்களுக்கு இன்னொரு சங்கதி. 12 வயதிலிருந்து 15 வயதுக்குள் மகரக்கட்டு உடையும். குரல்வளை வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். போன வருஷம் சோப்ரானோவில் கணீரென்று பாடிய பையன் இந்த வருஷம் கடைசி வரிசையில் நிற்பான். நடுவில் குரல் கீச்சிடும், உடையும். வீட்டில் அக்காமார் அதைக் கேலி பண்ணாமல் இருந்தால் போதும், அவன் தாண்டிவிடுவான். இந்த வயதில் மிரண்டுபோய்ப் பாட்டையே விட்டவர்கள் ஏராளம். உச்சத்துக்குக் கத்திப் பாடவேண்டாம், எட்டாத இடத்தில் வாயை மட்டும் அசைக்கலாம் என்று ஆசிரியர் சொல்லியிருந்தால் அது அவன் தொண்டைக்கான பாதுகாப்பு.

படி 3: பெரியவர்கள் காதுக்கு ஒரு பயிற்சி

நம் கடற்கரைக்குச் சேர்ந்து பாடுவது புதிதில்லை. கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் அம்பாப் பாட்டு, முளைப்பாரிக் கும்மி, மவ்லிது மஜ்லிஸில் கூட்டமாக ஓதும் பைத்து, கோயில் பஜனை, மாதா கோயில் பாட்டு, எல்லாமே கூட்டுக் குரல்தான். மூச்சையும் தாளத்தையும் ஒன்றாகப் பிடிப்பது எப்படி என்று அப்பத்தாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இவற்றிலெல்லாம் எல்லோரும் பாடுவது ஒரே மெட்டு. ஒரே நேரத்தில் வெவ்வேறு ஸ்வரம் ஒலிப்பது இந்தப் பக்கம் தேவாலயங்கள் வழியாகவும் மிஷன் பள்ளிகள் வழியாகவும் வந்து சேர்ந்தது. ராமநாதபுரத்தில் அப்துல் கலாம் படித்த ஷ்வார்ட்ஸ் பள்ளி அந்த மிஷன் பள்ளி வரிசையில் வந்ததுதான். தமிழ்ப் பாட்டைப் பல குரலில் அமைத்து மத வேறுபாடில்லாமல் மேடைக்குக் கொண்டுவந்ததில் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1970களில் சென்னையில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற குழுவை வளர்த்து, பாரதி பாடல்களைச் சேர்ந்திசையாக்கினார். 1988-ல் அவர் மறையும் வரை அந்த வேலை நிற்கவில்லை. இன்றைக்குப் பள்ளி மேடைகளில் கேட்கும் பல தமிழ்ச் சேர்ந்திசைகளில் அந்தச் சாயல் இருக்கும்.

பயிற்சி இதுதான். சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் உட்காருங்கள். கைபேசியில் சுருதிப் பெட்டி செயலியை வையுங்கள். அப்பத்தா 'ச' வைப் பிடித்துக்கொண்டே இருக்கட்டும். நாதசுரத்துக்கு ஒத்து ஊதுகிறவர் மாதிரி, நகரவே கூடாது. அம்மா 'ப' வைப் பிடிக்கட்டும். இரண்டும் அமர்ந்ததும் பிள்ளை நடுவில் 'க' வைப் பாடட்டும், மோகன ராகத்தில் வரும் அந்தர காந்தாரம். மூன்றும் சரியாக உட்கார்ந்தால் அறையே நிறைந்ததுபோல் இருக்கும். பிறகு பிள்ளை அந்தக் காந்தாரத்தை அரை ஸ்வரம் இறக்கி, சாதாரண காந்தாரமாகப் பாடட்டும். சட்டென்று ஒரு சோகம் வந்து கவியும். மாறியது ஒரே ஒரு குரல்தான், அதுவும் நடுக்குரல். ஆல்டோ என்ன வேலை செய்கிறது என்று பத்து நிமிடத்தில் வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிடும். இதைச் செய்துவிட்டு நிகழ்ச்சிக்குப் போகிற குடும்பம் கேட்கிற விதமே வேறு.

படி 4: தொண்டை, வயிறு, உடை

நிகழ்ச்சிக்கு முந்தின இரண்டு நாள் பிள்ளை கத்தாமல் இருக்கவேண்டும். கிரிக்கெட், கபடி மைதானத்துக் கூச்சல்தான் முதல் எதிரி. ஐஸும் தயிரும் ஒவ்வொருவர் உடம்பைப் பொறுத்தது. பழகியதைச் சாப்பிடலாம், புதிதாக எதையும் அன்றைக்குப் பரிசோதிக்க வேண்டாம். தண்ணீரைக் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவேண்டும். மேடை ஏறும் முன் ஒரு சொம்பைக் கவிழ்த்தால் தொண்டைக்கு ஒன்றும் ஆகாது, கழிப்பறைக்குத்தான் ஓடவேண்டி வரும். மேடைக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் இட்லி, தோசை மாதிரி லேசாக ஏதாவது. பசி வயிற்றோடு அனுப்பாதீர்கள். புழுக்கத்தில் அரை மணி நேரம் அசையாமல் நிற்பதில் மயங்கி விழும் பிள்ளைகள் உண்டு. முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நிற்காதே, கொஞ்சம் தளர்த்தி நில் என்று சொல்லி அனுப்புங்கள்.

உடையில் பள்ளி சொன்னதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். கொலுசும் கண்ணாடி வளையலும் கண்டிப்பாக வேண்டாம், மைக்கில் அது மணியடிக்கும். அத்தர், சென்ட் எதுவும் அன்று தொடவேண்டாம். நெருக்கி நிற்கும்போது பக்கத்துப் பிள்ளைக்குத் தொண்டை கரகரக்கும். தங்கச்சிமடம் மல்லிகை ஒரு முழம் வைப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது, ஆசிரியர் ஒரே மாதிரி வேண்டும் என்றிருந்தால் தவிர. சேஃப்டி பின் நாலைந்து உங்கள் பையில் இருக்கட்டும். யாராவது ஒரு பிள்ளைக்குத் தாவணி அவிழும்.

படி 5: போக்குவரத்து

போவதைவிடத் திரும்புவதை முதலில் யோசியுங்கள். ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் 55 கிலோமீட்டர் சுமார். கீழக்கரைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது. தீவுக்காரர்களுக்கு நடுவில் பாலம் ஒன்று இருக்கிறது. 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து, 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் வண்டியை ஓரங்கட்டி வேடிக்கை பார்க்கிற கூட்டம் கூடியிருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் சபரிமலை போய்வரும் பக்தர் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். வழக்கமான நேரத்தோடு இன்னொரு அரை மணியைக் கூட்டி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று, போகும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். அதை நம்ப முடியாது என்றால் ஒரே ஊரில் நாலு குடும்பம் சேர்ந்து வேன் பேசுவது மேல். தலைக்கு விழும் காசு ஆட்டோவைவிடக் குறையும், தூங்கிப்போன பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கவும் வேண்டாம். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிதான் சட்டப்படி எல்லை. எனவே நிகழ்ச்சி எவ்வளவு இழுத்தாலும் அதற்குள் முடிந்தாகவேண்டும். வேன்காரரிடம் நேரம் சொல்ல இது உதவும்.

படி 6: எங்கே உட்காருவது

முன்வரிசைக்கு ஓடாதீர்கள். அது விருந்தினர் வரிசை என்பது ஒரு பக்கம். அங்கே பாட்டும் சரியாகக் கேட்காது என்பதுதான் பெரிய காரணம். இடது ஓரத்தில் உட்கார்ந்தால் சோப்ரானோ மட்டும், வலது ஓரத்தில் உட்கார்ந்தால் ஆண் குரல் மட்டும் காதில் அறையும். நான்கு குரலும் ஒன்றாகக் கலக்கக் கொஞ்சம் தூரம் வேண்டும். நடுவில், பாதிக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும் நாற்காலிகள்தான் சிறந்தவை. பாக்ஸ் ஸ்பீக்கருக்கு எதிரே இடம் காலியாக இருந்தால், ஏன் காலியாக இருக்கிறது என்று யோசித்துவிட்டு உட்காருங்கள்.

மைதானத்தில் நடக்கும் நிகழ்ச்சி என்றால் காற்றும் ஒரு கணக்கு. டிசம்பரில் அடிப்பது வாடை, வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும். மேடை தெற்குப் பார்த்திருந்தால் காற்று பாட்டை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும், பின்னால் தாராளமாக உட்காரலாம். மேடை வடக்குப் பார்த்திருந்தால் அதே காற்று குரலை மேடைப் பக்கமே தள்ளும். அப்போது நாலு வரிசை முன்னேறி உட்காருங்கள். கடலில் காற்றுப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான், ஆனால் மைதானத்துக்குள் வந்ததும் அவர்களும் மறந்துவிடுகிறார்கள்.

பெரியவர்களுக்கு நடைபாதை ஓரத்து நாற்காலி. கைக்குழந்தை இருந்தால் கடைசி வரிசையில், வாசல் பக்கம். கழிப்பறை எங்கே என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

படி 7: நிகழ்ச்சி தொடங்கியதும்

முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணைப்படி, பாடும்போது எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு. மோகன ராகத்தில், திச்ர தாளத்தில், 55 வினாடி. ஒலிப்பதிவைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாடுவதையே அந்த ஆணை வலியுறுத்துகிறது. அந்தப் பயிற்சி பெற்றவர்கள் இன்றைக்கு உங்கள் பிள்ளைகள்தான். அதனால் அப்போதே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முடிவில் தேசிய கீதம் வரும், 52 வினாடி. அதற்கு முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நகர்வது அழகில்லை.

கேரல் நிகழ்ச்சியில் பாடப்போவது பெரும்பாலும் கிறிஸ்தவப் பாடல்கள். வேர்க்காடு சந்தியாகப்பர் கோயிலுக்கும் ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கும் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் போகிற ஊர் இது. இங்கே அதைப் பற்றி விளக்கம் தேவையில்லை. எல்லோரும் எழும்போது எழுந்து நின்றால் போதும், கூடப் பாடவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. டிசம்பரில் 6 மணியை ஒட்டி மஃரிப் நேரம் வந்துவிடும். உங்கள் பிள்ளை குழுவில் இருந்தால் தொழுகை நேரத்தை முன்பே ஆசிரியரிடம் சொல்லுங்கள். முன்பே தெரிந்தால் பாட்டு வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள அவருக்கும் வழி இருக்கும்.

மேடையில் பிள்ளை வந்து நின்றதும் கையை ஆட்டாதீர்கள், பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அது பார்க்கவேண்டியது குழுவை நடத்தும் மாஸ்டரின் கையை. உங்களைத் தேடி ஒரு நொடி கண் போனாலும் எடுப்பு தவறும். மாஸ்டரின் வலது கை பொதுவாகத் தாளத்தைக் காட்டும். இடது கை ஏற்றத்தையும் இறக்கத்தையும், எந்தக் குரல் எப்போது நுழையவேண்டும் என்பதையும் காட்டும். அந்த இடது கையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள், பாட்டின் உள்கட்டு தெரியத் தொடங்கும்.

கேட்கும்போது கவனிக்கவேண்டியவை சில. முதல் சொல்லை எல்லோரும் ஒரே கணத்தில் எடுக்கிறார்களா? இது எளிது, பெரும்பாலும் சரியாக வந்துவிடும். முடிப்பதுதான் கஷ்டம். 'கடல்' என்று ஒரு வரி முடிந்தால் அந்த 'ல்' முப்பது வாயிலும் ஒரே நேரத்தில் மூடவேண்டும். நல்ல குழுவில் ஒரே ஒரு 'ல்' தான் கேட்கும். பழகாத குழுவில் ல்-ல்-ல் என்று மழை சொட்டும். அடுத்தது மூச்சு. ஒருவர் தனியாகப் பிடிக்கவே முடியாத நீளத்துக்கு ஒரு ஸ்வரம் நிற்கும். எப்படி என்றால், பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கும்போது தான் எடுப்பதில்லை என்று பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்புவதால் நமக்கு ஒலி அறுபடாமல் கேட்கிறது. மூன்றாவது, மெதுவான இடங்கள். சத்தமாகப் பாட எந்தக் கூட்டத்துக்கும் முடியும். நாற்பது பேர் சேர்ந்து சுருதி இறங்காமல் மெல்லப் பாடுவதில்தான் மாஸ்டரின் மாதக்கணக்கான உழைப்பு இருக்கிறது. சரியாக அந்த இடத்தில்தான் நம் பக்கத்து நாற்காலியில் முறுக்குப் பாக்கெட்டைப் பிரிப்பார்கள்.

பாட்டின் நடுவே நிசப்தம் வந்தால் உடனே கைதட்டாதீர்கள். மாஸ்டரின் கை கீழே இறங்கினால்தான் பாட்டு முடிந்தது. இறங்கிய பிறகு தாராளமாகத் தட்டுங்கள். விசில் வேண்டாமே.

படி 8: கைபேசி

குடும்பத்தில் ஒருவர் மட்டும், ஒரு பாட்டை மட்டும் பதியட்டும். தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்காமல் நெஞ்சுக்கு நேராக வைத்தால் பின்னால் இருப்பவர் சாபம் விழாது, கையும் நடுங்காது. ஃபிளாஷ் அணைத்திருக்கட்டும். உங்கள் பிள்ளையின் முகத்துக்கு ஜூம் செய்யாமல் மேடை முழுவதையும் எடுங்கள், வெளிநாட்டில் இருப்பவருக்கு அப்போதுதான் எங்கே நடக்கிறது, எத்தனை பேர் என்று புரியும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் சுருங்கும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். ஸ்டேட்டஸில், ரீல்ஸில் போடுவதற்கு முன் அந்தப் படத்தில் மற்றவர் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பெண் பிள்ளைகள் படம் பொதுவில் போவதை விரும்பாத வீடுகள் நம் பக்கம் நிறைய. பள்ளி போட்டால் அதைப் பகிர்ந்துகொள்ளுங்கள், அதுவே போதும்.

படி 9: மழை வந்தால், கரண்ட் போனால்

குடை, ஒரு பழைய துண்டு, ஒரு பிளாஸ்டிக் பை. துண்டு நாற்காலியைத் துடைக்க, பை கைபேசிக்கு. மழையில் ஷாமியானா தொங்கித் தண்ணீர் தேங்கினால் அதன் அடியில் உட்காராதீர்கள். கம்பம் சாயும். வகுப்பறை வராந்தாவுக்குப் போய்விடுங்கள்.

கரண்ட் போனால் பதறவேண்டாம். கச்சேரி, டான்ஸ் என்றால் அதோடு நின்றுவிடும். பாடகர் குழுவுக்கு மின்சாரமே தேவையில்லை. கீபோர்டு ஓய்ந்தாலும் பயிற்சியுள்ள குழு தொடர்ந்து பாடும். உண்மையில் மைக் இல்லாமல் பாடும் பாட்டைத்தான் நான் விரும்பிக் கேட்பேன். ஸ்பீக்கர் வழியாக வரும்போது நாலு குரலும் ஒரே பெட்டியிலிருந்து வருகின்றன. இல்லாதபோது ஒவ்வொரு குரலும் அது நிற்கும் இடத்திலிருந்து வருகிறது. அந்த நேரத்தில் எல்லோரும் டார்ச் அடிக்க வேண்டாம், நாலு பேர் அடித்தால் போதும். பேச்சு மட்டும் கூடாது. ஜெனரேட்டரை உடனே போடச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள், பாட்டு முடியட்டும். அதன் இரைச்சல் ஆல்டோவை முழுங்கிவிடும்.

படி 10: முடிந்த பிறகு

"உன் குரல் கேக்கவே இல்லையே" என்று யாரும் சொல்லக்கூடாது. இதைப் படிப்பவர்கள் மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். "எந்த இடத்துல நீங்க முதல்ல நுழைஞ்சீங்க?" "அந்த நீளமான இடத்துல நீ எப்ப மூச்சு எடுத்த?" என்று கேளுங்கள். பிள்ளை வீடு வரும்வரை பேசிக்கொண்டே வரும். எங்கேயாவது தப்பு நடந்திருந்தால் அதுவே சொல்லும், நாம் தோண்ட வேண்டாம். யார் நன்றாகப் பாடினார்கள் என்று ஒப்பிட்டுப் பேசுவது இந்தக் கலைக்கே பொருந்தாத பேச்சு.

இசை ஆசிரியரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். பல அரசுப் பள்ளிகளில் இசை சொல்லித்தருகிறவர் பகுதி நேர ஆசிரியர். சில இடங்களில் கணக்கு வாத்தியாரோ தமிழ் அம்மாவோ தன் ஆர்வத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழக்கியிருப்பார். "நல்லா இருந்துச்சு சார்" என்பதைவிட "அந்த மூணாவது பாட்டுல மெதுவா வந்த இடம் நல்லா இருந்துச்சு சார்" என்று குறிப்பாகச் சொன்னால் அவருக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கும். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒரு கீபோர்டுக்கோ நிற்பதற்கான படிமேடைக்கோ பேசவேண்டும் என்று தோன்றினால் அந்த வாரமே பேசுங்கள். அடுத்த மாதம் எல்லோருக்கும் ஆறிப்போயிருக்கும்.

ராத்திரிச் சாப்பாட்டை முன்பே முடிவு செய்துவிட்டால் நல்லது. நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் புரோட்டாக் கடைகளில் பாதிப் பள்ளிக்கூடமே நிற்கும். வயதானவர்கள் கூட இருந்தால் புளிச்சாதமோ இட்லியோ கட்டிக்கொண்டு போய் வேனிலேயே கொடுத்துவிடலாம். பாடிய பிள்ளை அன்றைக்கு நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், மறுநாள் காலையில் குரல் கொஞ்சம் கட்டியிருந்தால் பேச்சைக் குறைத்தால் சரியாகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேலும் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் அடுத்த பிள்ளைக்கும் ஆசை வந்துவிட்டது என்றால் ஜூனில் பள்ளி திறந்ததும் குரல் தேர்வு எப்போது என்று கேட்டுவையுங்கள். தேர்வில் பெரும்பாலும் கேட்பது ஒரு ஸ்வரத்தைக் கொடுத்து அதைத் திருப்பிப் பாடச் சொல்வதுதான். படி 3-ல் சொன்ன பயிற்சியில் அது அப்பத்தாவோடு உட்கார்ந்து 'ச' பிடித்திருந்தால் பயமில்லாமல் போய் நிற்கும்.